யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

‘யாருகிட்ட காது குத்துற? எனக்கு ஏற்கெனவே குத்தியாச்சு!’

ஆட்டோ ஸ்டாண்டில், மீன் மார்க்கெட்டில், ஆபீஸில் லீவு லெட்டர் நீட்டும்போது... தமிழ்நாட்டில் இந்த வசனம் காதில் விழாத நாள் கிடையாது. ஏமாற்றுவதற்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர் காது குத்துவது. இது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க அகராதியைப் புரட்ட வேண்டாம். ஏதாவது ஒரு காதுகுத்து விசேஷத்தில் ஆசாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். குழந்தையின் வாயில் சர்க்கரை. கையில் வாழைப்பழம். ‘அங்க பாரு... காக்கா, காக்கா!’ குழந்தை நிஜமாகவே காக்காவைத் தேடும் அந்த ஒரு நொடியில் ஊசி இறங்கிவிடும். வீல் என்று அலறல். சுற்றி நிற்பவர்கள் முகத்தில் சிரிப்பு. ‘அவ்ளோதான், அவ்ளோதான்... முடிஞ்சுபோச்சு!’

முடியவில்லை. இன்னொரு காது பாக்கி இருக்கிறது.

அந்த இரண்டாவது காதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். முதல் காதைக் குத்தும்போது குழந்தைக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது காதுக்கு வருவதற்குள் தெரிந்துவிடுகிறது. தலையை ஆட்டுகிறது. கையால் காதை மறைக்கிறது. அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டுகிறது. பேச்சு வராத ஒரு ஜீவன் ‘வேண்டாம்’ என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? அப்போது நாம் என்ன செய்கிறோம்? தாய்மாமன் தலையை இறுக்கிப் பிடிக்கிறார். சித்தப்பா கையைப் பிடிக்கிறார். அத்தை காலைப் பிடிக்கிறார். வீடியோக்காரர் லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறார். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். பல வீடுகளில் அவளைப் பந்தலுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். ‘அவ பாத்தா தாங்க மாட்டா’ என்பார்கள். பெற்றவள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று தெரிந்தேதான் செய்கிறோம்.

‘இதெல்லாம் ஒரு பிரச்னையா சார்? நாட்டுல வேற விஷயமே இல்லையா?’ என்று கேட்பவர்களுக்கு... இது சின்ன விஷயம்தான். நானும் ஒப்புக்கொள்கிறேன். காது குத்தியதால் யார் வாழ்க்கையும் பாழாகிவிடாது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும், மாமாவைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கம்மல் அழகுதான். ஜிமிக்கி அதைவிட அழகு. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தக் குழந்தையே வந்து ‘எனக்கும் குத்திவிடுங்க’ என்று கேட்கும் வரை ஊசி காத்திருக்கட்டும். ஏழு வயதில் கேட்கலாம், ஒன்பது வயதில் கேட்கலாம். கேட்காமலே போகலாம். காது அதனுடையது.

இதைச் சொன்னவுடன் எனக்குக் கிடைத்த முதல் பதில்: ‘ஏழு வயசுல குத்தினா பயந்து ஓடும் சார். நாலு பேர் பிடிக்கணும். கைக்குழந்தைன்னா ஈஸி.’

யோசித்துப் பாருங்கள். ஒரு செயலுக்கு நாம் ஒரு வயதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஏன் அந்த வயது? ஏனென்றால் அந்த வயதில் அது எதிர்க்க முடியாது, ஓட முடியாது, ஏன் என்று கேட்க முடியாது. வேறு எந்த விஷயத்திலாவது இப்படி ஒரு காரணத்தைச் சொன்னால் நாமே கொதித்து எழுவோம். இங்கே மட்டும் ‘ஈஸி’ என்கிறோம்.

அடுத்த பதில் இன்னும் பிரபலம். ‘அதுக்கு என்ன தெரியும்? நாளைக்கு ஞாபகமா இருக்கப்போகுது?’

இந்த ‘அதுக்கு என்ன தெரியும்’ சாதாரண வசனம் அல்ல. பாட்டிகள் மட்டும் சொன்னதும் அல்ல. பெரிய பெரிய டாக்டர்களே சொன்னது. 1980-களின் நடுப்பகுதி வரை மேலை நாட்டு மருத்துவமனைகளிலேயே பச்சிளம் குழந்தைகளுக்குப் பல ஆபரேஷன்களைப் போதுமான மயக்க மருந்து, வலி மருந்து இல்லாமல் செய்தார்கள். உடம்பு அசையாமலிருக்க ஒரு மருந்து கொடுப்பார்கள். வலிக்கு? அதன் நரம்பு மண்டலம் இன்னும் முழுசாக வளரவில்லை, வலி தெரியாது என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையை உடைத்ததில் பெரும் பங்கு கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய டாக்டருக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் அவரும் அவரது குழுவினரும் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1987-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. வலி மருந்து கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சியின் அடையாளங்கள் அதிகமாக இருந்தன. ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். ‘தெரியாது’ என்று நாம் நினைத்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் தெரியவில்லை.

ஞாபகம் பற்றியும் ஒரு சேதி உண்டு. 1997-ல் அதே இதழில் கனடாவின் ஆனா டாடியோவும் சக டாக்டர்களும் எழுதினார்கள். பிறந்தவுடன் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகளையும் செய்யப்படாத குழந்தைகளையும் நாலாம் மாதம், ஆறாம் மாதம் தடுப்பூசி போடும்போது கவனித்திருக்கிறார்கள். வலி மருந்தில்லாமல் சுன்னத் செய்யப்பட்டவர்கள் தடுப்பூசிக்கு அதிகமாக அழுதார்கள். காது குத்துவது அந்த அளவு வலி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் ‘மனசுல ஞாபகமில்லை, அதனால ஒண்ணுமே நடக்கலை’ என்று கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது. உடம்பு தனியாக ஒரு நோட்டில் கணக்கு எழுதிக்கொள்கிறது.

‘அப்படின்னா தடுப்பூசியும் போடக்கூடாதா? அதுவும் குத்தறதுதானே, அதுவும் கேக்காமத்தானே போடறோம்?’

கெட்டிக்காரத்தனமான கேள்வி. பதில் சுலபம். தடுப்பூசி குழந்தையை ரண ஜன்னியிலிருந்தும் தொண்டை அடைப்பானிலிருந்தும் காப்பாற்றுகிறது. இந்தியாவில் பச்சிளம் குழந்தைகளின் ரண ஜன்னி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்ததே, அதில் ஊசிகளின் பங்கு பெரிது. காதில் போட்ட ஓட்டை எந்த வியாதியிலிருந்து காப்பாற்றுகிறது? உயிர் காக்கிற வலிக்கு அப்பா அம்மா சார்பில் சம்மதம் சொல்லலாம். அலங்காரத்துக்கான வலிக்கு, அலங்கரித்துக்கொள்ளப் போகிறவர் சொல்ல வேண்டும். மொட்டை அடிப்பதைக் கேட்டா அடிக்கிறோம் என்பார்கள். முடி மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். பேர் வைப்பதைக் கேட்டா வைக்கிறோம் என்பார்கள். பிடிக்காவிட்டால் பெரியவனானதும் அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். காது ஓட்டைக்கு அரசிதழ் கிடையாது.

‘எந்த வியாதியிலிருந்து’ என்று கேட்டேன் இல்லையா, இந்நேரம் வாட்ஸ்ஆப்பில் இருப்பவர்கள் சிலிர்த்துக்கொண்டிருப்பார்கள். மாதம் ஒருமுறையாவது எனக்கும் வருகிறது அந்தச் செய்தி. ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று ஆரம்பிக்கும். காதின் கீழ்ச்சதையில் மூளைக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புப் புள்ளிகள் இருக்கின்றனவாம். அங்கே குத்தினால் மூளை வளருமாம், பார்வை கூர்மையாகுமாம், ஞாபக சக்தி பெருகுமாம்.

இந்தப் புள்ளி விவகாரத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தேடினால் சிரிப்பு வரும். காதைத் தலைகீழாக இருக்கும் சிசுவாகக் கற்பனை செய்து, கீழ்ச்சதையைத் தலைக்கும் முகத்துக்கும் ஒதுக்கிக்கொடுத்த இந்த வரைபடத்தை 1950-களில் வெளியிட்டவர் பால் நோஜியே. ஊர் லியோன், நாடு பிரான்ஸ். நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை, சரி. ஆனால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் இல்லை. அந்த வரைபடமே நிரூபணமில்லாதது என்பது தனிக் கதை. காது குத்தினால் மூளை வளரும் என்றால், இத்தனை நூற்றாண்டுகளாக இரண்டு காதும் குத்திக்கொண்ட நம் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அடுப்படியில் உட்கார வைத்தோமே, அது எந்த நரம்புப் புள்ளியின் வேலை?

நிஜமான பழைய நூல் ஒன்று இருக்கிறது. சுஸ்ருத சம்ஹிதை. குழந்தைக்கு ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ காது குத்தச் சொல்கிறது. (ஆறு இரட்டைப்படை. நம் ஒற்றைப்படை சாஸ்திரக்காரர்கள் கவனிக்க.) காரணமாக அது சொல்வது பாதுகாப்பு, அணிகலன். பாதுகாப்பு என்றால் தீய சக்திகள் அண்டாமல் இருக்க. அந்தக் காலத்து நம்பிக்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. வெயிலில் பிடித்துப் பார், வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் குத்து என்கிறது அந்த நூல். இடம் தப்பிக் குத்தினால் காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் வரும் என்று எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தில் அறுந்துபோன காதை ஒட்டவைக்கும் முறைகளைப் பதினைந்து வகையாகப் பிரித்து விவரிக்கிறது. அதாவது காது குத்தும் வழியைச் சொன்ன கையோடு, குத்திய காது என்னென்ன பாடுபடும் என்பதையும் அந்தக் காலத்து வைத்தியர் பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வாட்ஸ்ஆப் அனுப்புகிறோம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். தமிழில் ‘மூளி’ என்று ஒரு சொல் இருக்கிறது. உறுப்பு குறைபட்டது, உடைந்தது என்று அர்த்தம். விளிம்பு உடைந்த பானை மூளிப் பானை. இப்போது சொல்லுங்கள், எந்தக் காதை நாம் ‘மூளிக் காது’ என்கிறோம்? ஊசி படாமல், பிறந்தபடியே முழுசாக இருக்கிற காதை! ‘பொட்டப் புள்ள காதை மூளியா வெச்சிருக்கியே’ என்று பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாள் முன்பின் தெரியாத தாயைக் கண்டிப்பார். துளைத்த காது முழுசு, துளைக்காத காது ஊனம். மொழியையே தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறோம்.

‘பொட்டப் புள்ள’ என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? பையனுக்கும்தான் குத்துகிறோம். மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் அவனுக்கும் உண்டு. ஆனால் பையன் பள்ளிக்கூடம் போகிற வயதில் கம்மலைக் கழற்றிவிடுவோம். ஓட்டை தூர்ந்து, ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். யாரும் அவனை மூளி என்று சொல்வதில்லை. கடுக்கன் போட்ட தாத்தாக்கள் பழைய போட்டோக்களில் மட்டும் இருக்கிறார்கள். பையனுக்கு அது ஒரு நாள் சடங்கு. பெண்ணுக்கு ஆயுள் சந்தா. அந்த ஓட்டையில் வருஷா வருஷம் தங்கம் ஏற வேண்டும். பொட்டுக் கம்மல், தோடு, ஜிமிக்கி, மாட்டல். கல்யாணச் சந்தையில் ‘காதுல கழுத்துல என்ன போடுவீங்க?’ என்று கேட்பார்களே, அந்த வாக்கியத்தின் முதல் வார்த்தை எங்கே ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பத்து மாதக் குழந்தையின் காதில்.

இது எங்கே போய் முடியும் என்பதற்குத் தென் மாவட்டத்துப் பாட்டிகளின் காதுகளே சாட்சி. பாம்படமும் தண்டட்டியும் மாட்டுவதற்காகச் சின்ன வயதிலேயே துளையைப் பெரிதாக்கி, கனத்தை ஏற்றி ஏற்றித் தோளைத் தொடும் வரை காது வளர்த்தார்கள். காது எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு கௌரவம். பிறகு காலம் மாறியது. அதே தொங்கும் காது ‘பட்டிக்காடு’ ஆனது. வளர்த்த காதை அறுத்துத் தைத்துச் சின்னதாக்கிக்கொண்டு கம்மல் போட்டார்கள். ஒரே பெண், ஒரே காது. ஊர் அழகென்றபோது ஒரு வலி, ஊர் மனசு மாறியபோது இன்னொரு வலி. 2023-ல் ‘தண்டட்டி’ என்று ஒரு படம் வந்தது. செத்துப்போன கிழவியின் காதிலிருந்து தண்டட்டி காணாமல் போவதுதான் அதில் பிரச்னையே. கதையாகத் தெரியவில்லை எனக்கு. கிழவியை விடக் காது முக்கியம், காதை விடக் காதில் தொங்குவது முக்கியம்.

தங்கம் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பார்கள். 2025-ல் பவுன் 80,000 ரூபாயைத் தாண்டிய நாட்டில், கைக்குழந்தையின் காதில் தங்கத்தை மாட்டிக் கூட்டத்துக்குள் தூக்கிப் போவது எந்த வகைப் பாதுகாப்பு? தேர்த் திருவிழாவில் போலீஸ் மைக்கில் ‘குழந்தைகளுக்கு நகை அணிவித்து அழைத்து வராதீர்கள்’ என்று தொண்டை வறளக் கத்துகிறார்களே, அது யாருக்காக?

என்னோடு வாதாடியவர்களில் ஒருவர் மட்டும்தான் நிஜமாகவே யோசிக்க வைத்தார். அவர் ஒரு தோல் டாக்டர். ‘சார், நீங்க ரொம்பத் தள்ளிப்போடச் சொல்லாதீங்க’ என்றார். காரணம் கீலாய்டு. காயம் ஆறும்போது தழும்பு நிற்காமல் வளர்ந்து கட்டியாகிவிடும். கறுத்த தோல்காரர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். அவர் சொன்னது உண்மை. 2005-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. சின்ன ஆய்வுதான். அதில் பதினொரு வயதுக்கு முன் காது குத்திக்கொண்டவர்களை விட, பதினொன்றிலும் அதற்குப் பிறகும் குத்திக்கொண்டவர்களுக்கே கீலாய்டு வரும் வாய்ப்பு அதிகமாகத் தெரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு இருந்தால் இது லேசாக எடுத்துக்கொள்ள வேண்டிய சேதி அல்ல. குத்தாமலே இருப்பது உத்தமம்.

ஆனால் அந்த ஆய்வு கோடு போடுவது பதினொரு வயதில். பதினொரு மாதத்தில் இல்லை! ஏழு வயதுப் பெண்ணுக்குப் பேச்சு வரும். கண்ணாடி பார்க்கத் தெரியும். பக்கத்து பெஞ்ச் தோழியின் கம்மலைப் பார்த்து ஆசைப்படத் தெரியும். ‘வலிக்கும், ஆனா கொஞ்ச நேரம்தான். ரெண்டு மாசம் தினமும் சுத்தம் பண்ணணும். வேணுமா?’ என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லத் தெரியும். காதைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத் தொட வேண்டும் என்றால் புரியும். ஏ.ஏ.பி. என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: சுத்தமாகச் செய்தால் எந்த வயதிலும் ஆபத்து குறைவு, ஆனால் குத்திய இடத்தைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும் வயது வரை தள்ளிப்போடுவது நல்லது. ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. சாஸ்திரம் பார்ப்பவர்களுக்கும் கவலை வேண்டாம். ஏழும் ஒற்றைப்படை, ஒன்பதும் ஒற்றைப்படை.

அந்த வயதில் அவள் ஒரு காது குத்திய பிறகு ‘போதும், வேண்டாம்’ என்று அழுதால்? நிறுத்திவிட வேண்டியதுதான். ஒற்றைக் காது கம்மலோடு ரெண்டு நாள் திரியட்டும். அவளே மறுபடி வந்து காதைக் காட்டுவாள், அல்லது கழற்றிவிடச் சொல்வாள். நாம் ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஆசாரியும் மாமனும் அப்பாவும் நிறுத்துகிறார்கள் என்பதை ஒரு பெண் ஏழு வயதில் பார்த்துவிடுகிறாள் என்றால், அதன் மதிப்பு எத்தனை பவுன்? ‘குட் டச், பேட் டச்’ என்று பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கிறோம். உன் உடம்பு உன்னுடையது, பிடிக்காவிட்டால் சத்தமாக ‘நோ’ சொல்லு என்கிறோம். அந்தக் குழந்தை முதல் முறை சத்தமாக ‘நோ’ சொன்னபோது நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து வீடியோ எடுத்தோம். அந்த வீடியோவைப் பிற்பாடு அவளுக்கே போட்டும் காட்டுகிறோம். ‘பாரேன், எப்படி அழுதே!’

இவ்வளவு சொல்லியும் ‘எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, ஒரு வயசுக்குள்ள குத்தியே ஆகணும்’ என்பவர்கள் இருப்பீர்கள். மாமியார்களின் பலம் எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். ஆறு, பத்து, பதினாலு வாரத் தடுப்பூசிகள் மூன்றும் முடியும் முன் ஊசியைக் கிட்டே விடாதீர்கள். ரண ஜன்னிக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் அதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. நகைக்கடையிலும் பார்லரிலும் வைத்திருக்கும் ‘கன்’ பார்க்க மாடர்னாக இருக்கும். அதில் பலவற்றின் உடம்பு பிளாஸ்டிக். ஆட்டோகிளேவ் சூட்டில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. மேலாகத் துடைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போவார்கள். ஆசாரியின் கம்பியும் கோயில் வாசலில் எத்தனை காது பார்த்ததோ. டாக்டரிடம் போங்கள், உறை பிரிக்காத ஊசி கேளுங்கள், மரத்துப்போகும் கிரீம் போடலாமா என்றும் கேளுங்கள். கீழ்ச்சதையோடு நிறுத்துங்கள், குருத்தெலும்பு பக்கம் வேண்டாம். அங்கே சீழ் வைத்தால் காதின் வடிவமே போய்விடும். துளை தூராமலிருக்க வேப்பங்குச்சி சொருகுவது, மஞ்சளைக் குழைத்து அப்புவது எல்லாம் வேண்டாம். கவரிங் கம்மல் கண்டிப்பாகக் கூடாது. நிக்கல் கலந்திருந்தால் வரும் அலர்ஜி ஆயுசுக்கும் போகாது. துளைத்த காதில் போடும் நகைகளில் நிக்கலை ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. நம்மூர் திருவிழாக் கடையில் பத்து ரூபாய்க்கு மூணு ஜோடி. அப்புறம் திருகாணி. அதை இறுக்கிவிட்டால் வீங்கிய சதைக்குள் புதைந்துகொள்ளும், தளர்த்திவிட்டால் கழன்று குழந்தையின் வாய்க்குப் போகும். ராத்திரி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

கடைசியாகத் தாய்மாமன். எனக்கு வந்த எதிர்ப்பிலேயே உணர்ச்சிமயமானது மாமன்களிடமிருந்துதான். ‘என் தங்கச்சி பிள்ளைக்கு நான் செய்யற முறையைத் தடுக்க நீ யாருய்யா?’ இந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டும் நாள் அது. அண்ணன் தட்டு வரிசையோடு, மேளத்தோடு தெருவில் நுழையும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது. மாமன் வரட்டும். நூற்றியொரு தட்டு வரட்டும். மடியில் உட்கார வைத்துக் கழுத்தில் செயின் போடட்டும், கையில் காப்பு மாட்டட்டும், இடுப்பில் கொடி கட்டட்டும். மொட்டையும் அடியுங்கள், கிடாவும் வெட்டுங்கள். (கிடாவின் சம்மதம் பற்றி வேறொரு வாரம் பேசலாம்.) இத்தனையும் முறைதான். இதில் ரத்தம் வருகிற அந்த ஒரு சமாச்சாரத்தை மட்டும் எடுத்துவிட்டால் முறை கெட்டுப்போகாது.

‘மொய் என்னாகிறது?’ என்று சிலர் கேட்காமல் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். போட்ட மொய்யைத் திரும்ப வாங்க வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். கல்யாண வயதில் பிள்ளை இல்லாதவனுக்குக் கைக்குழந்தையின் காதுதான் கதி. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தக் காதையும் குத்தாமல், யாருக்கும் தாலி கட்டாமல், ஆடி மாதத்தில் ‘மொய் விருந்து’ என்றே பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, கணக்கை நேர் செய்துகொள்கிறார்கள். அதைவிட நேர்மையான விசேஷம் தமிழ்நாட்டில் இல்லை.

அதுவும் கூச்சமாக இருந்தால் பத்திரிகையில் ‘காதணி விழா’ என்பதை எடுத்துவிட்டு ‘பிறந்தநாள் விழா’ என்று போடுங்கள். பிரஸ்ஸில் அதே ரேட்தான். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு மொய் நோட்டுக்கு வருகிறவர், குழந்தையின் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டா கவரை நீட்டப் போகிறார்?